பதினேழாவது குழியோரம் ஒரு வேன்

ரத்தினபாய் டீச்சர் பள்ளிக்கூடத்தில் ஒரு தலைமுறைக்கே நிகழ்தகவு நடத்தியவர். சீட்டுக்கட்டிலிருந்து ஒரு சீட்டை உருவினால் அது ராஜாவாக இருக்க எவ்வளவு வாய்ப்பு, இரண்டு பகடைகளை உருட்டினால் ஏழு விழ எவ்வளவு வாய்ப்பு என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் சீட்டுக்கட்டை அவர் கையால் தொட்டதே இல்லை. ஒருமுறை ஒரு மாணவி, பாடத்துக்கு உதவியாக இருக்கட்டும் என்று வீட்டிலிருந்து நிஜச் சீட்டுக்கட்டையே கொண்டுவந்துவிட்டாள். டீச்சர் அதைக் கைக்குட்டையால் பிடித்துத் தூக்கி, செத்த எலியைக் கொண்டுபோவதுபோல் தலைமையாசிரியர் அறைக்குக் கொண்டுபோனார்.

செம்பாக்கத்தில் அவருடைய தேவாலயச் சபையில், விளைச்சலைக் காணிக்கையாகக் கொடுக்கும் அறுப்பின் பண்டிகைக்குக் குலுக்கல் பரிசுச் சீட்டு விற்பதை நிறுத்தியவரும் அவர்தான். அதிர்ஷ்டத்தை நம்புவது பாவம் என்பார். ஆனால் ஏலம் உண்டு. அதை நடத்துவதும் அவரே. ஒரு பூசணிக்காயைக் கடை விலையைப்போல் இருபது மடங்குக்கு ஒருவர் எடுப்பார். எடுத்ததைச் சபைக்கே திருப்பிக் கொடுப்பார். அதே பூசணிக்காய் மறுபடி ஏலத்துக்கு வரும். எல்லார் முன்னாலும் உயர்ந்த கையை இறக்குவது எவ்வளவு கடினம் என்பதை அந்த மேடையில் நின்று அவர் நன்றாகப் பார்த்திருக்கிறார்.

இருவரும் பணி ஓய்வு பெற்றதும் அவருடைய கணவர் சாலமோன் ஓய்வை ஓய்வாகவே எடுத்துக்கொண்டார். டீச்சரால் ஒரு வாரம்தான் தாக்குப்பிடிக்க முடிந்தது. பிறகு ஏரிக்குப் பக்கத்தில், தாமாக நடக்க முடியாத பிள்ளைகளுக்கான பகல்நேரப் பள்ளி ஒன்றைப் பொறுப்பேற்றார். பிசியோதெரபி, படிப்பு, மத்தியானச் சாப்பாடு, கூடவே நிறையச் சண்டை. பிள்ளைகள் சண்டை போடவாவது ஓர் இடம் வேண்டும் என்பது டீச்சரின் கொள்கை.

அந்த இடத்துக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தது ஒரு பழைய வேன். ஓட்டியவர் பாலகுரு. கோவளத்து மீனவர் வீட்டுப் பிள்ளை, ஆனால் படகில் ஏறினால் வாந்தி எடுப்பவர். அதனால்தான் தரையில் ஓட்டப் பழகினார். போன மழைக்கு ஏரி நிரம்பித் தெருவுக்குள் வந்தபோது வேன் ஸ்டியரிங் வரைக்கும் மூழ்கியது.

"கடல்ல முழுகக் கூடாதுன்னுதான் டீச்சர் நான் கரைக்கே வந்தேன்," என்றார் பாலகுரு. "இங்க வந்து வண்டி ஏரில முழுகிகினு கீது பாரு."

என்ஜின் பிழைக்கவில்லை. பக்கத்துத் தெருப் பிள்ளைகளை அம்மாக்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தூரத்துப் பிள்ளைகள் வரவில்லை. பள்ளிக்கரணையிலிருந்து வந்துகொண்டிருந்த ஜெயப்ரியா, பன்னிரண்டு வயது, வாய் மட்டும் முப்பது, வீட்டிலேயே உட்கார்ந்து டீச்சருக்கு வாட்ஸாப்பில் குரல் அனுப்பினாள்: "மிஸ், எங்க வீட்ல சண்டை போட ஆளே இல்ல. போரடிக்குது."

டீச்சர் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார். வேன் இல்லாமல் பள்ளி இல்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான கணக்கு அவருக்குத் தேவைப்படவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஸ்ரீநிவாசராகவன் வந்தார். வீடு கட்டி விற்கும், வண்டி ஷோரூமும் வைத்திருக்கும் ஒரு பெரிய நிறுவனத்தில் சமூகப் பணிக்கான அதிகாரி; நல்ல மனிதர், எப்போதும் கொஞ்சம் வியர்த்திருப்பார். ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் கோல்ஃப் மைதானத்தில் அவர்கள் நிறுவனம் நாலு நாள் போட்டி நடத்துகிறது, தொழில்முறை ஆட்டக்காரர்கள் நாடு முழுவதிலிருந்தும் வருகிறார்கள், வருமானத்தில் ஒரு பங்கு தொண்டுக்கு என்றார். டீச்சரின் பள்ளிக்கு பிசியோதெரபிச் செலவு ஒரு வருஷத்துக்கு உறுதி. அதுபோக, பதினேழாவது குழிக்குப் பக்கத்தில் ஒரு வேன் நிற்கும். யாராவது ஒரே அடியில் பந்தைக் குழிக்குள் போட்டுவிட்டால், வேன் பள்ளிக்கு.

"யாரும் போடலேன்னா?"

"திங்கட்கிழமை எங்க ஷோரூமுக்கே திரும்பிடும் மேடம்."

"இது சூதாட்டம் இல்லையா சார்?"

"ஐயோ மேடம், இது ஸ்கில்!"

"ஸ்கில்லா? இந்தக் குழியில இதுவரைக்கும் எத்தனை தடவை விழுந்திருக்கு?"

ஸ்ரீநிவாசராகவன் நெற்றியைத் துடைத்தார். "இதுவரைக்கும்... விழல. விழுந்தா வண்டி விலையக் குடுக்க இன்சூரன்ஸ்கூட எடுத்திருக்கோம்."

டீச்சர் கணக்குப் போட்டார். "அப்ப விழக் கூடாதுன்னு வேண்டிக்க ஒரு கம்பெனி, விழணும்னு வேண்டிக்க நான். ஆண்டவருக்கு இது என்ன தர்மசங்கடம்!"

பிள்ளைகளும் வந்து பார்த்தால் நன்றாக இருக்கும், நாலு நாளும் வரலாம் என்று ஸ்ரீநிவாசராகவன் கேட்டுக்கொண்டபோது டீச்சர் இன்னொரு கேள்வி கேட்டார். "எதுல வர்றது? எங்க வேன் செத்துப்போச்சு. உங்க வேன் அங்க சும்மாதானே நிக்கப் போகுது?"

அது புது வேன் அல்ல, நம்பர் எல்லாம் போட்டு, வாங்க வருபவர்களுக்கு ஓட்டிக் காட்டும் வண்டி. ஸ்ரீநிவாசராகவன் மேலே இரண்டு பேரிடம் தொலைபேசியில் பேசினார். காலையிலும் மாலையிலும் வண்டியை எடுத்துக்கொள்ளலாம், ஆட்டம் சூடு பிடிக்கும்போது பதினேழாவது குழிக்குப் பக்கத்தில் நின்றால் போதும் என்று உத்தரவானது. அவருக்கே அந்த யோசனை பிடித்திருந்தது. பிள்ளைகள் வந்து இறங்குவது படத்தில் நன்றாக வரும்.

வியாழக்கிழமை காலை பள்ளிக்கரணை முதல் செம்பாக்கம் வரை வேன் ஒரு சுற்று வந்தது. ஜெயப்ரியா ஏறியதும் முன்சீட்டுக்குச் சண்டை ஆரம்பித்தது. டீச்சர் தடுக்கவில்லை.

மைதானம் டீச்சரைக் குழப்பியது. வெளியே ஏரிகளை மூடி வீடு கட்டிய ஊரில், உள்ளே புதிதாகக் குளம் வெட்டி வைத்திருந்தார்கள். அதற்குள் பந்து விழுந்தால் வருத்தமும் பட்டார்கள். பிள்ளைகளுக்கு ஒரு குழப்பமும் இல்லை. நல்ல அடி, மோசமான அடி எல்லாவற்றுக்கும் கைதட்டினார்கள். குளத்தில் விழுந்த பந்துக்குத்தான் அதிகக் கைதட்டல்.

டீச்சரின் சறுக்கல் அன்று மதியம் நடந்தது. ஓர் ஆட்டக்காரர் குழிக்கருகில் பந்தின் மேல் தலை குனிந்து நின்றார். ஒருவர் 'அமைதி' என்ற பலகையைத் தூக்கிப் பிடித்தார். கூட்டம் முழுவதும் மூச்சடங்கியது. சிலர் தொப்பியைக்கூடக் கழற்றினார்கள். அறுபது வருஷப் பழக்கம் சும்மா விடுமா? டீச்சரும் தலை குனிந்து கண்ணை மூடினார். பந்து குழியில் விழுந்த 'டொக்' சத்தம் கேட்டதும், நிறுத்தி நிதானமாக, கணீரென்று, "ஆமென்" என்றார்.

ஆட்டக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டார். அடுத்த குழிக்கு நடக்கும்போது டீச்சரைப் பார்த்துக் கையைக் கூப்பி, அங்கேயும் வருமாறு சைகை செய்தார். ஜெயப்ரியா நாள் முழுவதும் அதையே சொல்லிச் சிரித்தாள். "மிஸ், நீங்க கண்ண மூடிட்டா வேனே குழில விழுந்தாக்கூடத் தெரியாது."

சனிக்கிழமை ஸ்ரீநிவாசராகவன் வேனுக்குள் எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். சீட் இடுக்கில் எல்லாம் பிஸ்கட் தூள். கூரையில் மெழுகு வண்ணத்தில் ஒரு யானை. சக்கர நாற்காலி ஏறுவதற்குப் பாலகுரு ஒரு பலகையைப் பொருத்தி, அது நழுவாமலிருக்க வண்டித் தரையில் இரண்டு ஓட்டை போட்டு போல்ட் முறுக்கியிருந்தார்.

"பாலகுரு, என்னங்க இது? ஓட்டை போட்டிருக்கீங்க!"

"இன்னா சார், ரெண்டுக்கே இப்படிப் பேஜார் ஆவுற? நீங்க இந்தப் புல்லுல பதினெட்டு போட்டு வெச்சிக்கிறீங்க, நான் எதுனா கேட்டேனா?"

டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. "பாலகுரு, அடுத்தவங்க வண்டி அது. திங்கட்கிழமைக்குள்ள அடைச்சுக் குடுக்கணும்."

"அடைச்சிடலாம் டீச்சர். யானைய இன்னா பண்றது?"

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் ஆராதனை முடிந்து நேரே மைதானத்துக்கு வந்தார். வியாழக்கிழமை சிரித்த அதே ஆட்டக்காரர் பதினேழாவது குழியை நோக்கி அடித்தார். பந்து உயரப் போய், குழியில் நட்டிருந்த கொடிக்கு அப்பால் விழுந்து, மனம் மாறியதுபோல் பின்னோக்கி உருள ஆரம்பித்தது. கூட்டம் எழுந்தது. டீச்சர் கண்ணை மூடவில்லை. அதிர்ஷ்டத்தை நம்பாத அந்த அம்மாள் பாலகுருவின் சட்டைக் கையை இறுக்கிப் பிடித்து, "உருளு, உருளு" என்று முணுமுணுத்ததாகப் பாலகுரு சத்தியம் செய்வார்.

பந்து குழியின் விளிம்பைத் தொட்டு, எட்டிப் பார்த்து, நின்றுவிட்டது.

கூட்டம் "ச்சே" என்றது. வேனுக்குள்ளிருந்த பிள்ளைகள் மட்டும் வழக்கம்போல் கைதட்டினார்கள். எங்கோ ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் யாரோ நிம்மதியாகக் காபி குடித்திருக்கக்கூடும்.

பரிசளிப்பு மேடையில் நிறுவனத் தலைவர், விருந்தினர்கள், கோப்பை, கேமராக்கள். தொண்டு நிறுவனங்களின் சார்பில் இரண்டு வார்த்தை பேச டீச்சரை அழைத்தார்கள். மேடையை ஒட்டி வேன் நின்றது. ஜன்னல் எல்லாம் தலைகள். டீச்சர் மைக்கைத் தன் உயரத்துக்குத் தாழ்த்தினார். அறுப்பின் பண்டிகையில் செய்வதைப் போலவே.

"எங்க பிள்ளைகளோட சிகிச்சைக்கு ஒரு வருஷம் உதவி செஞ்சிருக்கீங்க, நன்றி. நாலு நாள் வேனும் குடுத்தீங்க. வீட்டுக்குள்ளயே கிடந்த பிள்ளைங்க நாலு நாள் வெளிய வந்தாங்க. அதுக்கும் நன்றி. பந்து விழல. போட்டி விதின்னா விதிதான், அதுல எங்களுக்கு மறுபேச்சு இல்ல. தரையில ரெண்டு ஓட்டை இருக்கு, அடைச்சுடுவோம். கூரையில யானை இருக்கு, தேய்ச்சுப் பாத்தோம், போகல, மன்னிக்கணும்." மேடையில் இருந்தவர்கள் பக்கம் திரும்பினார். "ஒரே ஒரு சந்தேகம். இன்னைக்குப் பிள்ளைகளை இறக்கிவிட்டுட்டு, நாளைக்குச் சாவியை யார்கிட்ட ஒப்படைக்கணும்? அவங்க கையத் தூக்கினா, நான் பாலகுருகிட்ட அடையாளம் காட்டிடுவேன்."

கூட்டம் அமைதியானது. பலகையை யாரும் தூக்கவில்லை. ஆனாலும் அது குழிக்கருகில் தலை குனிந்து நிற்கும்போது வருகிற அதே அமைதிதான். மேடையில் இருந்த ஒவ்வொருவரும் தத்தம் கைகளைப் பார்த்துக்கொண்டார்கள். ஸ்ரீநிவாசராகவன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

தலைவர் வேனைப் பார்த்தார். கேமராக்களைப் பார்த்தார். பிறகு, சொல்லத்தான் வேண்டும், நிஜமாகவே சிரித்தார்.

"மேடம், யானை போட்ட வண்டிய நாங்க யாருக்கு விக்கிறது? நீங்களே வெச்சுக்குங்க."

வேனுக்குள்ளிருந்து ஜெயப்ரியாவின் குரல் முதலில் வந்தது, பிறகு எல்லாப் பிள்ளைகளும்: "ஆமென்!"

இதைத் திட்டம் போட்டுச் செய்தீர்களா என்று கேட்டால் டீச்சருக்குக் கோபம் வரும். நான் ஒரு கேள்வி கேட்டேன், பதில் வந்தது, அவ்வளவுதான் என்பார். கணக்கு டீச்சர்களுக்கு அது போதும்.

இப்போது வேன் காலையிலும் மாலையிலும் பள்ளிக்கரணைக்கும் ஊரப்பாக்கத்துக்கும் போய்வருகிறது. 'ஒரே அடியில் குழிக்குள் போட்டால் பரிசு' என்று பக்கவாட்டில் ஒட்டியிருந்ததைக் கிழிக்கப் பாலகுருவுக்கு மனம் வரவில்லை. தாம்பரம் சிக்னலில் நிற்கும்போது பைக்கில் இருப்பவர்கள் கேட்கிறார்கள்.

"யாருண்ணா அடிச்சது?"

"தோ, டீச்சருதான். ஒரே அடி."

முன்சீட்டில் இருக்கும் டீச்சர் பொய் சொல்வதில்லை, மறுப்பதும் இல்லை. பச்சை விளக்கு எப்போது விழும் என்று சாலையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.