கிட்டக் காட்டிய சாவி

சாவிக்காரருக்கு இருபத்தாறு வருஷப் பழக்கம் ஒன்று உண்டு. யார் சாவி கொடுத்தாலும், வாங்கிய கையோடு துணிக்கு அடியில் போட்டுவிடுவார். பக்கத்தில் நிற்பவர் கண்ணில்கூடப் படவிட மாட்டார். கைதேர்ந்தவனுக்கு ஒரு பார்வை போதும், அரத்தை எடுத்து அதே சாவியை வெட்டிவிடுவான். அவரே அப்படி வெட்டக்கூடியவர்தான்.

அப்பேர்ப்பட்ட மனிதரை மச்சினன் உசுப்பேற்றிவிட்டான். போனில் லைவ் போடும் மோகம் கொஞ்ச காலம் அடங்கிக் கிடந்து, இப்போது மறுபடி தலைதூக்கியிருந்தது. எதிர்க்கடையில் முடிவெட்டுகிறவர்கூடக் கத்தரியும் கையுமாக லைவில்தான் இருந்தார்.

"மாமா, நீங்க சாவி வெட்டுறதை ஊரே வாயைப் பொளந்துக்கிட்டுப் பார்க்கும்" என்றான் மச்சினன்.

முதல் நாள் ஒன்பது பேர் பார்த்தார்கள். மூன்றாம் வாரம் நானூறு பேர். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று காலை சலவை நிலையத்தில் வேலை செய்யும் பெண் ஒருத்தி வந்தாள். "வீட்டுல நான் ஒருத்திதான் அண்ணே. அக்காகிட்ட ஒரு சாவி இருக்கட்டும். சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேன்" என்று வாசல் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனாள். லைவ் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அந்தப் பக்கம் போனதும் திரையில் யாரோ எழுதினார்கள்: 'அண்ணே, அந்தச் சாவியைக் கொஞ்சம் கிட்டக் காட்டுங்க.'

காட்டினார். துணி ஞாபகமே வரவில்லை. பல் பல்லாகத் திருப்பித் திருப்பிக் காட்டினார்.

"மூணாவது வெட்டுலதான் சூட்சுமம் இருக்கு. கொஞ்சம் ஆழமாப் போயிட்டா பூட்டு திறக்கும், ஆனா சாவியை விடாது. எங்க வீட்டம்மா கோபம் மாதிரி!"

சிரிக்கிற பொம்மைகள் திரையில் கொட்டின.

சாயங்காலம் சாவியை வாங்க வந்தவள், தாங்கியில் நின்ற போனைப் பார்த்ததும் வெளிறிப்போனாள்.

"காலையில நான் பேசினப்பவும் இது ஓடுச்சா அண்ணே? என் குரல் கேட்டிருக்குமா?"

"ஏம்மா, என்ன ஆச்சு?"

"அவரு இதையெல்லாம் விடாமப் பார்ப்பாரு. நான் பிரிஞ்சு வந்தப்புறமும் ரெண்டு தடவை கதவைத் திறந்துக்கிட்டு உள்ள வந்துட்டாரு. அதுக்குத்தான் பூட்டையே மாத்தினேன்."

அவள் குரலைப் பற்றித்தான் பயந்தாள். சாவியைப் பற்றிப் பயப்பட வேண்டியவர் எதிரே நின்றார். சொல்லியிருக்க வேண்டும், அங்கேயே, அப்போதே. கடைப் பேர் கெட்டுவிடுமே என்று ஒரு நினைப்பு குறுக்கே வந்தது. கேவலமான நினைப்புதான்.

"ஒண்ணும் ஆகாதும்மா" என்றார்.

மறுநாள் முதல் வேலையாகக் கிட்டக் காட்டச் சொன்னவனின் கணக்கைத் தேடினார். முந்தின நாள்தான் தொடங்கிய கணக்கு, முகமில்லை. சீட்டில் விலாசத்தோடு அவள் எழுதிக் கொடுத்திருந்த எண்ணுக்கு ஏழு தடவை அடித்தார். வேலை நேரத்தில் போனைப் பெட்டியில் பூட்டிவிடுவார்களாம், எடுக்கவில்லை. கடையை அப்படியே போட்டுவிட்டு, புதுப் பூட்டு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு விலாசத்தைத் தேடி ஓடினார். அவள் வருவதற்குள் மாற்றிவிட்டால் போதும், அப்புறம் காலில் விழுந்தாவது சொல்லிவிடலாம்.

மூன்றாவது மாடி. கதவு சாத்தியிருந்தது. பூட்டில் ஒரு சாவி செருகியபடி நின்றது.

பளபளவென்று புதுசு. அவர் வெட்டியது இல்லை. அரம் இழுத்த தடம் கோணல்மாணலாக இருந்தது. மெல்ல இழுத்துப் பார்த்தார். வரவில்லை. பூட்டு பிடித்துக்கொண்டிருந்தது.

மூன்றாவது வெட்டு ஆழமாகிவிட்டது.

"அண்ணே? நீங்க எங்க இங்க?" படியேறி வந்தவள் மூச்சு வாங்கச் சிரித்தாள். கையில் அவள் சாவி தயாராக இருந்தது.

அவர் இரண்டு கைகளையும் விரித்து அவளை மறித்தார். கதவுக்கு அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது.

அவள் சிரிப்பு நின்றது.

"நான் ஃபேனை நிறுத்திட்டுத்தானே போனேன்" என்றாள்.