உள்ளே யாரும் இல்லை, ஓவர்

முழங்கால் கெட்ட பிறகு என்னை வாட்ச் ரூமில் தூக்கிப் போட்டார்கள். தீயணைப்பு நிலையத்தின் வாசலையொட்டி இருக்கும் சின்ன அறை அது. ஒரு மேசை, மேசைமேல் ஒரு போன், பக்கத்தில் வயர்லெஸ் செட். எங்கேயாவது தீ என்று போன் வந்தால் நான் பெல் அடிக்க வேண்டும். மற்றவர்கள் வண்டியில் ஏறிப் பறப்பார்கள். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இத்தனை வருஷம் ஹோஸ் பிடித்த கைக்கு மைக்கா என்று ஆரம்பத்தில் வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது, வேறு காரணத்துக்காக.

எங்கள் எல்லை பெரியது. ஒரு பக்கம் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் உருக்காலைகள், பெயின்ட் கம்பெனிகள், பழைய டயரைக் காய்ச்சுகிற கொட்டகைகள். இன்னொரு பக்கம் எங்கள் பக்கத்து ஆரணி வரைக்கும் நெல் வயல். அதனால் அழைப்புகளும் கலந்துதான் வரும். காலையில் வைக்கோல் போர், மத்தியானம் பாய்லர், சாயங்காலம் கிணற்றில் விழுந்த மாடு. ஒருநாள் ஒரு அம்மா, "ஊட்டுக்குள்ள பாம்பு பூந்துடுச்சு சார், ஓடியாங்கோ" என்று அலறினார். எந்த ஊர் என்று நான் தொண்டை கிழியக் கேட்கிறேன், அவர் பாம்பின் நீளத்தையே சொல்லிக்கொண்டிருக்கிறார். சிரிப்பு வரும், எரிச்சலும் வரும். போனை வைத்ததும் எரிச்சல்தான் நிற்கும்.

வயர்லெஸ் விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாவட்டத்தில் இருக்கும் எல்லா நிலையங்களுக்கும் சேர்த்து ஒரே சேனல்தான். பட்டனை அழுத்தினால் பேசலாம், விட்டால்தான் கேட்கலாம். ஒருவன் அழுத்திக்கொண்டிருக்கும்வரை மற்ற எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். பேசி முடித்ததும் 'ஓவர்' என்று சொல்லிப் பட்டனை விட்டுவிட வேண்டும். விட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். புதிதாக வருகிறவனுக்கு நாங்கள் முதலில் சொல்லித் தருவது இந்தக் காத்திருப்பைத்தான். பொறுமை இல்லாதவன் பட்டனை மறுபடி அழுத்துவான், வருகிற பதிலைத் தானே அடைத்துவிடுவான்.

இத்தனை ஒழுங்குக்கும் நடுவில் ஒரே ஒருவன் மட்டும் திருந்தவே இல்லை. என்னோடு ஒரே பேட்ச்சில் பயிற்சி எடுத்தவன், பொன்னேரியிலிருந்து ஒரே பைக்கில் டூட்டிக்கு வருகிறவன். நான் வாட்ச் ரூமுக்கு வந்த பிறகு ஹோஸின் முனையை அவன் கைக்கு வாங்கிக்கொண்டான். தீயை அணைத்துவிட்டுத் திரும்புகிற ஒவ்வொரு தடவையும் மைக்கில், "வண்டி ரிட்டர்ன் ஆயிட்ருக்கு, ஓவர்" என்று முறையாகச் சொல்வான். நான் சரி என்பேன். உடனே, "மச்சான், நாஷ்டா ஆச்சா? ஓவர்" என்பான். மாவட்டமே கேட்கும். கட்டுப்பாட்டு அறையிலிருந்து, "சேனல்ல குடும்பம் நடத்தாதீங்கப்பா" என்று திட்டு விழும். "அவன் கேட்டா எனக்கு ஏன் திட்டு?" என்று நான் கத்துவேன். மறுநாளும் கேட்பான்.

மழைக்காலத்தில் எங்களுக்கு வேறொரு பழக்கம் உண்டு. கையில் எடுத்துப் போகும் வாக்கி டாக்கி நனைந்தால் செத்துவிடும். செத்தால் மாற்று செட் வருகிற வழியைக் காணோம், மெமோ மட்டும் வேகமாக வந்துவிடும். அதனால் செட்டை ஒரு பாலித்தீன் பையில் போட்டு மேலே ரப்பர் பேண்டு சுற்றிக்கொள்வோம். டீக்கடையில் பார்சல் கட்டுகிற அதே பையும் அதே ரப்பர் பேண்டும்தான். எந்த நிலையத்தில் யார் தொடங்கினார்களோ தெரியாது, எல்லோரும் செய்தோம், அதிகாரிகளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். நனையாமல் இருந்தால் போதும் என்று எல்லோருக்கும் நிம்மதி.

போன ஐப்பசியில் ஒரு மத்தியானம். மழை கொட்டிக்கொண்டிருந்தது. தொழிற்பேட்டையின் கோடியில் இருந்த ஒரு கம்பெனியின் சூப்பர்வைசர் போன் செய்தார். பழைய பிளாஸ்டிக்கை உருக்கிக் குருணையாக்குகிற இடம். குடோன் பற்றிக்கொண்டது என்றார். அடுத்த மூச்சில், "ரெண்டு லோடுமேன் உள்ள மாட்டிக்கினாங்கோ சார், பீகார் பசங்கோ" என்றார். பெல்லை அடித்தேன். அன்று அதிகாரி விடுப்பு. வண்டிக்கு என் நண்பன்தான் பொறுப்பு. ஜன்னல் வழியாக எனக்குக் கட்டை விரலைக் காட்டிவிட்டுப் போனான், வாயில் பாதி வடை.

இடத்துக்குப் போனதும் அவன் குரல் வந்தது. "புகை ஜாஸ்தி. உள்ள ரெண்டு பேரு கீறாங்கன்னு சொல்றாங்கோ. நானும் கூட ஒருத்தனும் காத்து சிலிண்டர் மாட்டிக்கினு பூர்றோம். மத்தவங்கோ பின்னாடி சுவத்துல தண்ணி அடிக்கிறாங்கோ. பொன்னேரிப் பக்கத்துலேர்ந்து இன்னொரு வண்டி அனுப்பச் சொல்லு. ஓவர்." சரி என்றேன், இரண்டாவது வண்டியையும் கிளப்பிவிட்டேன். அதுவரைக்கும் எல்லாம் வழக்கம்போலத்தான் நடந்தது.

கொஞ்ச நேரத்தில் சேனலில் ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது. முகமூடிக்குள் இழுத்து விடுகிற மூச்சு. முதலில் புரியவில்லை. அவன் ஏதோ சொல்ல வருகிறான் என்று காத்திருந்தேன். சத்தம் நிற்கவில்லை. சாமான்கள் உருளுகிற ஒலி, பூட்ஸ் தண்ணீரில் மிதிபடுகிற ஒலி, மறுபடி மூச்சு. அப்புறம் கொஞ்சம் தள்ளியிருந்து அவன் குரல், "யாருபா உள்ள? சத்தம் குடுங்கோ!"

அவன் மைக்கில் பேசவில்லை. பட்டன் தானாக அழுந்திக் கிடக்கிறது. எதிலோ நுழைந்து போகையில் அந்தப் பாழாய்ப்போன ரப்பர் பேண்டு நகர்ந்து பட்டன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. இனி அவன் உள்ளே செய்கிறது அத்தனையும் எங்கள் எல்லோருக்கும் கேட்கும். நாங்கள் கத்துகிற ஒரு சொல்கூட அவனுக்குக் கேட்காது. சேனலும் அடைத்துக்கொண்டது, மாவட்டத்தில் யாராலும் பேச முடியாது.

சரி, எப்படியும் வெளியே வந்துவிடுவான், வந்ததும் காதைத் திருகலாம் என்று இருந்தேன். அப்போதுதான் மேசைப் போன் அடித்தது. அதே சூப்பர்வைசர். இரண்டாவது வண்டிக்கு வழி காட்ட மெயின் ரோட்டுக்கு வந்து நின்றிருக்கிறார்.

"சார், ஆளு கிடைச்சுட்டாங்கோ சார்! லோடு லாரி எடை போடப் போச்சில்ல, ரெண்டு பேரும் அதுலயே ஏறிப் போய்க்கீறாங்கோ. இப்பதான் வந்து எறங்குனானுங்கோ. என் பக்கத்துலயே நிக்கிறானுங்கோ சார்" என்றார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "நீங்க மைக்ல உள்ள கீறவங்களுக்குச் சொல்லிடுங்கோ சார்" என்றார்.

அந்த மனிதர்மேல் தப்பில்லை. மைக்கில் சொன்னால் போய்ச் சேர்ந்துவிடும் என்று அவர் நம்பினார். நானும் அந்த நிமிஷம் வரைக்கும் அதைத்தான் நம்பியிருந்தேன்.

"யோவ், மைக் அடைச்சுக்கினு கீது! நீ ஓடு! வண்டிக்குப் பின்னாடி டிரைவர் பம்ப்புகிட்ட நிப்பாரு. உள்ள யாரும் இல்லன்னு அவராண்ட சொல்லு. ஓடுய்யா!" என்று கத்தினேன். ஓடினார் போல, போனில் மழைச் சத்தமும் அவர் செருப்புச் சத்தமும் கேட்டன, அப்புறம் அறுந்துவிட்டது.

நான் சும்மா இருக்கவில்லை. டிரைவர் அண்ணன் செல்லுக்கு அடித்தேன். ரிங் போனது, எடுக்கவில்லை. பம்ப் ஓடும்போது காதுக்குள் வெடி வைத்தாலும் கேட்காது. நண்பன் செல்லுக்கும் அடித்தேன், புத்தி கெட்டுப்போய். தீக்குள் போகிறவர்கள் செல்லை எல்லாம் வண்டி கேபினில் ஒரு டிபன் பாக்ஸில் போட்டுவிட்டுத்தான் போவார்கள், எனக்குத் தெரியாதா? இருந்தும் அடித்தேன். ஒரு கையில் ரிங் போய்க்கொண்டிருக்கிறது, எதிரே செட்டில் அவன் மூச்சு கேட்கிறது.

"பயப்படாதீங்கோபா, வந்துகினே கீறேன்" என்று இல்லாத ஆளுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தான். தமிழ் புரியாதோ என்று நினைத்தானோ என்னவோ, "பாய், கிதர் ஹை? பாய்!" என்று, அண்ணே எங்கே இருக்கே என்பதைத் தனக்குத் தெரிந்த இந்தியிலும் கேட்டுக் கூப்பிட்டான். கூப்பிட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தான். மைக்கில் நாங்கள் காத்திருப்போமே, அதே மாதிரி. நான் மேசையில் குத்தினேன். "டேய், யாரும் இல்லடா அங்க, வாடா வெளிய" என்று செட்டைப் பார்த்துக் கத்தினேன். பட்டனை அழுத்தினேன், விட்டேன், மறுபடி அழுத்தினேன். கால் நன்றாக இருந்திருந்தால் அங்கே அவனோடு நான் இருந்திருப்பேன், என் சட்டையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்திருப்பான் என்று தோன்றியது. அழுகை வந்துவிட்டது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அப்போது செட்டில் வேறொரு சத்தம் நுழைந்தது. வண்டியின் ஹாரன், விட்டு விட்டு அடிக்கிறது. சூப்பர்வைசர் போய்ச் சேர்ந்துவிட்டார்! டிரைவர் அண்ணன் அடிக்கிறார். ஹாரன் அப்படி அடித்தால் உள்ளே இருக்கிறவன் எதையும் யோசிக்காமல் போட்டது போட்டபடி வெளியே வர வேண்டும். அதுதான் எங்கள் வழக்கம். நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தேன். "சாமி" என்றேன், எந்தச் சாமி என்று தெரியவில்லை.

கூடப் போனவன் சொல்வது கேட்டது. "அண்ணே, ஹாரன் அடிக்கிறாங்கோ. கூரை எறங்குதோ என்னமோ. வாண்ணே."

என் நண்பன் சொன்னான், "நீ ஹோஸைப் புட்சிக்கினு அப்டியே வெளிய போய்க்கினு இரு. ரெண்டு உசுரு கீதுன்னு சொல்லிக் கீறாங்கோ. உட்டுட்டு எப்டிடா வர்றது? அந்த மெஷினுக்குப் பின்னாடி மட்டும் பாத்துட்டு வந்துடறேன்."

ஹாரனுக்கு 'வா' என்று மட்டும்தான் சொல்லத் தெரியும். உள்ளே யாரும் இல்லை என்று அதற்குச் சொல்லத் தெரியாது. அதைச் சொல்லத்தான் நான் இருந்தேன், மேசையும் மைக்குமாக.

ஒருவர் பூட்ஸ் சத்தம் தூரமாகப் போனது. பிறகு விசில் கேட்கத் தொடங்கியது. முதுகில் இருக்கும் சிலிண்டரில் காற்று குறைந்தால் அது தானாக ஊதும். விசில் ஊதினால் திரும்பி வருகிற அளவுக்குத்தான் காற்று இருக்கிறது என்று அர்த்தம். "பாய்!" என்று அவன் இன்னொரு முறை கூப்பிட்டான். இருமினான். வெளியே போனவனுக்கு இந்நேரம் டிரைவர் அண்ணன் விஷயத்தைச் சொல்லியிருப்பார், அவன் திரும்ப ஓடி வந்துகொண்டிருப்பான் என்று நான் என் தொடையை அடித்துக்கொண்டே கணக்குப் போட்டேன். அப்படித்தான் நடந்திருக்கிறது. ஓடித்தான் வந்திருக்கிறான். வாசல் வரைக்கும் வந்திருக்கிறான்.

செட்டில் ஏதோ சரிகிற சத்தம் கேட்டது. தகரமும் இரும்பும் சேர்ந்து வருகிற சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. மூச்சு இல்லை, விசில் இல்லை, ஹாரனும் இல்லை. வெறும் இரைச்சல், அதுவும் நின்றது.

சேனல் திறந்துகொண்டது.

இவ்வளவு நேரமும் இதற்காகத்தான் தவித்தேன். திறந்ததும் மைக்கை எடுக்க எனக்குக் கை வரவில்லை. சாதாரண நாளில் சேனல் இப்படிக் காலியானால் நிலையங்கள் எல்லாம் முண்டியடித்துக்கொண்டு பேசும், நான் நீ என்று சண்டையே நடக்கும். அன்று மாவட்டத்தில் ஒருவர்கூடப் பட்டனைத் தொடவில்லை. எல்லோரும் அவனைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள்தான். என்னோடு வழக்கமாகச் சண்டை போடுகிற கட்டுப்பாட்டு அறைகூட வாய் திறக்கவில்லை. சேனலை எனக்கு விட்டு வைத்திருந்தார்கள்.

பட்டனை அழுத்தினேன்.

"மச்சான், உள்ள யாரும் இல்ல. ரெண்டு பேரும் வெளிய நல்லா கீறாங்கோ. நீ வெளிய வா. ஓவர்" என்றேன்.

ஓவர் சொன்னால் பட்டனை விட்டுவிட வேண்டும். விட்டுவிட்டேன், காத்திருந்தேன்.