மைத்துனன் போட்ட என் வேஷம்

என் மனைவியின் தம்பியைக் குத்துச்சண்டை வட்டாரத்தில் மூக்கன் என்றே அழைப்பார்கள். அவனுடைய மூக்கு இரண்டு முறை உடைந்து, கடைசியில் இடப்பக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டது. காலையில் பள்ளி வேன் ஓட்டுவான். மாலையில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள பெரிய கூடத்தில் தொழில்முறை வீரர்களுக்குப் பயிற்சி கொடுப்பான். வீரனாக அவன் ஜெயித்ததைவிடத் தோற்றதே அதிகம். இதை நான் ஆத்திரத்தில் சொல்லவில்லை. அவனுடைய போட்டி முடிவுகள் அனைத்தும் வருடவாரியாகக் கோப்பிட்டு என்னிடம் இருக்கின்றன.

அவனுக்குப் பிறவியிலேயே வாய்த்தது ஒன்று உண்டு. யாரைப் பார்த்தாலும் அப்படியே செய்து காட்டுவான். என் திருமணத்தன்று நான் நடந்த நடையை அன்றைக்கே செய்து காட்டி, என் மாமியாரைக்கூடச் சிரிக்க வைத்தவன். பின்னாளில் அதுவே அவன் தொழிலாயிற்று. தன்னிடம் பயில்கிறவன் யாரோடு மோதப்போகிறானோ, அந்த ஆள் நிற்கும் விதம், மூச்சு வாங்கும் விதம், அடிக்குமுன் முகவாயைத் தூக்கும் பழக்கம் எல்லாவற்றையும் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டு எதிரே நிற்பான். போட்டி நாளில் அவனுடைய வீரர்கள் பழகிய ஆளைச் சந்திப்பதைப்போல ரிங்கில் இறங்குவார்கள். எனக்கு அது வராது. படங்களைப் பார்த்தும் பழைய புத்தகங்களைப் புரட்டியும் நானாகவே கற்றுக்கொண்டவன் நான். எனக்குத் தெரிந்தது ஒரே ஓர் உடம்பு, என்னுடையது.

அதிலும் வலது தோள் சரியில்லை. வீரனின் குத்துகளை வாங்குவதற்காகப் பயிற்சியாளர் இரு கைகளிலும் தோல் பேடு மாட்டிக்கொள்வார். எதிராளியின் தலை இருக்கும் உயரத்தில் அவற்றைப் பிடிக்க வேண்டும். என் வலது கை விலாவுக்கு மேல் எழாது. அந்தக் கையில் இடது குத்துகளை இறக்கி இறக்கித்தான் பார்சல் உருவானான். பார்சல் அலுவலகத்தில் மூட்டை ஏற்றுகிறவன், அதனால் அந்தப் பெயர். அச்சகத்துக்கு மேலே இருந்த என் சிறிய கூடத்துக்கு வந்தபோது அவனுக்கு நிற்கக்கூடத் தெரியாது. கால் வைப்பது முதல் மூச்சு விடுவது வரை சொல்லிக்கொடுத்தவன் நான்.

அவனுக்குப் பட்டப் போட்டியில் வாய்ப்பு வந்தது. ஆனால் ரிங்கின் மூலையில் பயிற்சியாளராக மூக்கன்தான் நிற்க வேண்டும் என்று போட்டியை நடத்துகிறவர்கள் நிபந்தனை வைத்தார்கள். பெயர் எடுத்தவன் நின்றால்தான் டிக்கெட் விற்குமாம். அதைச் சொல்ல மூக்கனே வீட்டுக்கு வந்தான்.

"மாமா, நான் கேட்டு வாங்கல. அவங்களாத்தான் சொன்னாங்க."

"கேக்காமலே எல்லாம் கெடைக்கிற ஆளு நீ. உனக்கென்னடா!"

"நீங்களும் வாங்க, சேர்ந்தே நிப்போம்."

"எதுக்கு? தண்ணி பாட்டில் தூக்கவா?"

என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் இங்கயே குத்திக்கப்போறீங்கன்னா, மொதல்ல அந்த டிவிய நகத்தி வைங்க."

பார்சல் பெரிய கூடத்துக்குப் போய்விட்டான். எனக்கு ஒரே ஓர் ஆறுதல் இருந்தது. மூக்கன் முறைப்படி பேடை உயர்த்திப் பிடிப்பான், பார்சலின் இடது கை தடுமாறும், பட்டம் கைநழுவும். யார் கை அவனை உருவாக்கியது என்று அப்போது ஊருக்கே விளங்கும். அதற்காகவே காத்திருந்தேன்.

போட்டி நெருங்கிய சமயத்தில், பார்சல் எடுத்துச்சென்ற என் பேடுகளைத் திரும்பக் கேட்கும் சாக்கில் அங்கே போனேன். வாசலிலேயே நின்றுவிட்டேன். இரண்டு தோள்களும் கல்லாக இருக்கும் மூக்கன், வலது முழங்கையை விலாவோடு ஒட்டவைத்து, கழுத்தைச் சாய்த்து, வலியில் பல்லிடுக்கால் மூச்சு விட்டுக்கொண்டு பேடு பிடித்திருந்தான். அது நான்.

"ஏன்டா, என் தோளு உனக்கு வேடிக்கையாப் போச்சா?"

எல்லாரும் சிரிக்காமல் என் பக்கம் திரும்பினார்கள். அதற்கு முன்பும் அங்கே யாரும் சிரித்துக்கொண்டிருக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"வேடிக்கை இல்ல மாமா. மேல பிடிச்சுப் பாத்தேன், இவன் கை செத்துப்போச்சு. உங்கள மாதிரி பிடிச்சாத்தான் உசுரு வருது."

"கண்ண மூடிக்கிட்டா நீங்க நிக்கிற மாதிரியே இருக்கு மாஸ்டர்," என்றான் பார்சல், மகிழ்ச்சியோடு.

மூக்கன் ஒன்றே ஒன்றைச் சேர்த்திருந்தான். குத்துவதற்கு முன் இடது காலை அரையடி வெளியே வைக்கச் சொல்லியிருந்தான். என்னிடம் பேடில் மட்டும் விழுந்த குத்து, அந்த அரையடியால் எதிராளியின் முழங்கைக்குக் கீழே நுழைந்துவிடும். பார்த்தவுடனே புரிந்தது. எனக்கு ஏன் தோன்றவில்லை என்று வயிறு எரிந்தது.

"முழங்கை சரியா இருக்கா மாமா? வேற ஏதாச்சும் விட்டுட்டேனா?"

நானாக இருப்பது எப்படி என்று என்னிடமே கேட்கிறான். வலியால் என் மணிக்கட்டு சற்று உள்நோக்கித் திரும்பும். அதற்கேற்பப் பார்சலின் முஷ்டியும் திரும்பும். மூக்கனின் மணிக்கட்டு நேராக இருந்தது.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டுப் பேடுகளைக் கேட்காமலே திரும்பினேன்.

போட்டியன்று மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்தேன். ஆறாம் சுற்றில் பார்சலின் இடது கால் அரையடி வெளியே போயிற்று. இடது கை தாழ்ந்து, முஷ்டி உள்நோக்கித் திரும்பி, எதிராளியின் வலது விலாவுக்குக் கீழே இறங்கியது. அந்த ஆள் மண்டியிட்டவன் எழவில்லை. நான் ஒளித்துவைத்த மணிக்கட்டையும் மூக்கன் கண்டுபிடித்திருந்தான். அன்று வாசலில் நின்று நான் கத்தியபோது என் கையைப் பார்த்தே பிடித்திருப்பான்.

இந்தக் குத்தை யார் சொல்லிக்கொடுத்தது என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டார்கள். என் உழைப்பைத் திருடியவன் என்று சொல்ல வாக்கியங்களையெல்லாம் வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். மூக்கன் முந்திக்கொண்டான்.

"அதோ, எங்க மாமா. நான் அவரு வேஷம் போட்டேன், அவ்வளவுதான்."

எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கென்று மிச்சமிருந்த மனக்குறையையும் அவன் எடுத்துக்கொண்டான். கேமராவுக்கு முன்னால் நான் சிரிக்க வேண்டியதாயிற்று.

மறுநாள் பத்திரிகையில் வந்த படத்தை மனைவி வெகுநேரம் பார்த்தாள். அதில் மூக்கன் கை என் தோள்மேல் இருந்தது. என் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது.

"ஏங்க, இதுல நீங்க என் தம்பி மாதிரி சிரிக்கப் பாத்திருக்கீங்க. ஆனா வரல."

படத்தைக் கத்தரித்து, இந்த வருடத்துக் கோப்பில் சேர்த்துவிட்டேன்.