மூன்றாவதாக எடுத்தவர்

காலண்டர் தாளைக் கிழித்து மேசைமேல் போட்ட துண்டுகள் தாமாக எழும்பி, வானநீலத் தட்டின் அடியில் ஒட்டிக்கொண்டன. தட்டைப் பிடித்திருந்தவர் மதினி, என் அண்ணன் மனைவி. பட்டாசுக் கம்பெனி வேனிலிருந்து இறங்கியவர் முகம்கூடக் கழுவாமல் ஆமத்தூரில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். தட்டைத் தலைமுடியில் நாலு தடவை தேய்த்துத் தாள்களுக்கு மேலே காட்டினார்.

"போர்மேன் எனக்கு இப்படித்தான் காட்டுனாரு. மருந்து ரூம் வாசல்ல வச்சுப் பிடிச்சிட்டாரு. இன்னும் ஒரு எட்டு வச்சிருந்தா, இந்நேரம் என் போட்டோவுக்கு மாலை வாங்கப் போயிருப்பீக."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் மகளும் சிரிக்கவில்லை.

தட்டு மகள் செய்தது. படிப்பு முடித்து வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். கணினியில் வரைந்ததைப் பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கடுக்காக வார்த்துத் தரும் த்ரீ-டி பிரிண்டர் ஒன்றைப் பழையதாகக் குறைந்த விலைக்கு வாங்கி வைத்திருந்தாள். மதினி புஸ்வாணத்துக்குள் வெடிமருந்து அடைக்கிற வேலை செய்பவர். நகக்கண்ணெல்லாம் வெடித்துப் போன அந்த விரல்களைப் பார்த்துத்தான், பன்னிரண்டு புனல்கள் வைத்த தட்டை அவள் வரைந்தாள். அடியில் பன்னிரண்டு வெற்றுப் புஸ்வாணக் கூடுகளை நிறுத்தி, மருந்தை ஒரே வழிப்பில் தள்ளிவிட்டால் எல்லாம் நிறைந்துவிடும். சமையலறையில் ரவையைப் போட்டுச் சோதித்தோம். ஒரு மணிகூடச் சிந்தவில்லை.

வீட்டில் இப்படிச் சாமான் செய்கிறவர்கள் தங்கள் வரைபடங்களை ஒருவருக்கொருவர் இலவசமாகக் கொடுக்கும் இணையதளத்தில் மகளும் இருந்தாள். "பெரியம்மா ஒரு வாரம் பாத்துட்டுச் சொல்லட்டும்ப்பா, அப்பறம் போடலாம்" என்றாள். நான்தான் கேட்கவில்லை. இன்றைக்கே போடு, நாலு பேருக்கு உதவட்டும் என்றேன். 'பட்டாசுத் தொழிலாளர்களுக்காக. யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்துகொள்ளலாம்' என்ற வரிகளை நானே எழுதிக் கொடுத்தேன். பெருமை அப்படிக் கண்ணை மறைத்தது.

மருந்து அறைக்குள் போகிறவர்கள் செருப்பைக் கழற்றி, பருத்திச் சேலை உடுத்தி, வாசலில் பதித்த செம்புத் தகட்டில் கை வைத்து உடம்பில் ஏறிய மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் நுழைவார்கள். உள்ளே மரமும் பித்தளையும்தான் கருவிகள். "இரும்புதான் ஆகாதுன்னு நெனச்சேன். பிளாஸ்டிக் சாதுவாச்சே" என்றார் மதினி. போர்மேன் கண்ணில் பட்டால் பிடுங்கிக்கொள்வார் என்று சாப்பாட்டுப் பைக்குள் மறைத்துக் கொண்டுபோயிருக்கிறார். உரசிய பிளாஸ்டிக்கில் ஏறுகிற மின்சாரத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி போதும், அந்த மருந்துக்கு.

அவருக்குத் தெரியாமல் போனது இருக்கட்டும். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். திருத்தங்கலில் காலண்டர் அச்சகத்தில் இருபது வருடமாக வேலை செய்கிறேன். வறண்ட காற்றடிக்கும் மாதங்களில் இதே மின்சாரம் ஏறித் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு மெஷினை ஓட்டுவோம். அந்தத் தாள்களை என் கையாலேயே பிரித்தும், அதை நான் மதினியின் வேலையோடு சேர்த்து நினைக்கவே இல்லை.

மகள் இணையதளத்தைத் திறந்தாள். அதற்குள் மூன்று பேர் வரைபடத்தை எடுத்திருந்தார்கள். "எல்லாத்தையும் அழிச்சிரு" என்றேன். என் குரல் எனக்கே கேவலமாகக் கேட்டது.

"ஏட்டி, நில்லு" என்று மகளைத் தடுத்தார் மதினி. "அழிச்சிட்டா, எடுத்துட்டுப் போனவுகளுக்கு யாரு சொல்லுவா?"

"பிள்ள பேரு இருக்கு மதினி. ஏதாவது ஆச்சுன்னா நம்ம வீட்டுக்குத்தான் வருவாங்க."

"வரட்டும். இருந்து பதில் சொல்லுவோம். செத்தவளா வந்து கேக்கப் போறா? எம்புட்டுப் படிச்சும் பயம் போகல பாருங்க, கொழுந்தனாரே."

வரைபடத்தை மட்டும் நீக்கிவிட்டு, பக்கத்தை அப்படியே வைத்தோம். மதினி மறுபடி தலையில் தட்டைத் தேய்த்து, தாள்கள் துள்ளுவதைக் காட்டிப் பேசினார். மகள் அதை வீடியோ எடுத்து அந்தப் பக்கத்தின் மேலே போட்டாள். ஒருவர் தட்டில் விதை முளைக்க வைத்திருப்பதாகப் பதில் எழுதினார். இன்னொருவர் இன்னும் வார்க்கவே இல்லை. மூன்றாமவர் பெயரும் இல்லை, படமும் இல்லை. வரைபடத்தை எடுத்த அன்றைக்கே ஒரு வரி போட்டிருந்தார்: 'எங்க அம்மாவும் இதே வேலைதான். நன்றி அக்கா.'

அதற்குப்பின் அவரிடமிருந்து ஒன்றுமில்லை.

மறுநாளே தட்டின் படத்தோடு ஒற்றை நிறத்தில் நோட்டீஸ் அச்சடித்தேன். கீழே என் பெயரையும் நம்பரையும் அச்செழுத்தில் கோக்கும்போது கை ஒருமுறை நின்றது, கோத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மதினியைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு ஏழாயிரம்பண்ணை வரை வேன்கள் நிற்கிற இடமெல்லாம் ஒட்டினோம். இப்படித் தட்டு யாராவது கொண்டுவந்தார்களா என்று கேட்ட இடத்திலெல்லாம் இல்லை என்றார்கள்.

இப்போது எங்காவது தூரத்தில் வெடிச் சத்தம் கேட்டால் நான் முதலில் தேடுவது போனைத்தான். மகள் பிரிண்டரைத் தொடுவதில்லை. மதினி மட்டும் வழக்கம்போல் வேலைக்குப் போகிறார். சாயங்காலம் வேனிலிருந்து இறங்கி நேரே எங்கள் வாசலுக்கு வருவார்.

"அந்தப் பிள்ள பதில் போட்டுச்சா?"

"இல்ல மதினி."

"சரி, நாளைக்கு எந்த ஊரு வேன்ல கேக்கட்டும்?"