சத்தம் வராது என்று நான் கொடுத்த வாக்கு

மூன்று வருடங்களுக்கு முன்னர், தை பிறந்த கையோடு, வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் நடந்தது இது. அந்த ஒழுங்கையில் எனக்குச் சொந்தமாக ஒரு கட்டடம் இருக்கிறது. சொந்தமாக என்பதைக் கொஞ்சம் அழுத்தித்தான் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். துறைமுகத்தில் மூட்டை சுமந்தேன். கொட்டாஞ்சேனையில் கை அகலத்தில் ஒரு ஹார்ட்வெயார் கடை போட்டேன். அது வளர்ந்து, இரத்மலானையில் ஸ்டோர் கட்டி, கடைசியில் வெள்ளவத்தையில் மாடி வைத்தேன். படித்தவர்கள் இன்று என்னிடம் வாடகைக்கு இருக்கிறார்கள்.

அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் துப்பாக்கி சுடும் பயிற்சிக்கூடம் திறக்கப்போகிறேன் என்றதும் என் மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"வயசு போகப் போக உங்களுக்கு விளையாட்டுப் புத்தி வருது. பேசாம ஒரு மரக்கறிக் கடைக்காரனுக்குக் குடுங்க."

என் ஆசை அவளுக்கு விளங்காது. நான் வளர்ந்த காலத்தில் கொட்டாஞ்சேனையில் தேவாலயத் திருநாள் வந்தால், பக்கத்து வெளியில் கார்னிவல் போடுவார்கள். பலூனை எயார் ரைபிளால் சுடுகிற கடை ஒன்று அதில் இருக்கும். மூட்டை சுமந்த தோளோடு நேரே அங்கேதான் போவேன். அந்த ரைபிளின் குழல் இடப்பக்கம் ஒரு பொட்டு வளைந்திருந்தது. நான் அதற்கேற்ற மாதிரி வலப்பக்கம் தள்ளிக் குறிபார்ப்பேன். ஒரு பலூனும் தப்பாது. கடைக்காரர் என்னைத் தூரத்தில் கண்டதுமே, "தம்பி, நீ ராட்டினத்துக்குப் போ ராசா, காசு நான் குடுக்கிறேன்" என்று கெஞ்சுவார். அந்தக் காலத்தில் என்னைப் பார்த்து ஒருவர் பயந்தது அங்கே மட்டும்தான். கச்சான் கடலை வறுக்கிற வாசமும், ஒலிபெருக்கியில் பைலாப் பாட்டும், பலூன் வெடிக்கும்போது சுற்றி நிற்பவர்கள் கை தட்டுவதும் இன்றைக்கும் என் காதோடும் மூக்கோடும் இருக்கின்றன.

ஆசை வேறு, அலுவல் வேறு. அனுமதிக்குப் போன இடத்தில் இதை எந்த வகையில் போடுவது என்றே அவர்களுக்குத் தெரியவில்லை. "முதலாளி, இது கார்னிவலா, ஜிம்மா?" என்று சிங்களத்தில் ஒருவர் கேட்டார். விளையாட்டு என்று அவர்களை ஒத்துக்கொள்ள வைப்பதற்குள் ஒரு செருப்பு தேய்ந்துபோனது. அடுத்தது கடற்காற்று. இன்று துடைத்து வைத்த ரைபிளில் நாளைக்குத் துரு நிற்கும். ஈயக் குண்டின் தூசு வெளியே போக விசிறி பூட்டினால், விசிறியின் இரைச்சல் துவக்கு வெடிக்கிற சத்தத்தையே வென்றுவிட்டது. இதையெல்லாம் சமாளித்தேன். நான் சமாளிக்காத சாமான் இல்லை.

சமாளிக்க முடியாமல் இருந்தவர் எதிர்வீட்டு மாடியில் தனியாக இருந்த டீச்சர். ஓய்வுபெற்றவர், யாழ்ப்பாணத்துக்காரர், சண்டைக் காலத்தில் வீடு வாசலை விட்டு வந்தவர். ஒழுங்கையில் உள்ளவர்களை நான் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்ன அன்று, எல்லாரும் முணுமுணுத்தார்கள். அவர் மட்டும் எழுந்து நின்றார்.

"ஐயா, நான் துவக்குச் சத்தத்துக்குப் பயந்துதான் ஊரை விட்டு வந்தனான். இப்ப நீங்கள் அதை என்ர வாசலுக்குக் கொண்டு வாறியளோ?"

"டீச்சர், இது வெறும் காத்தில சுடுறது. வெடிமருந்து இல்ல. சத்தம் வெளியில வராது."

"வந்தால்?"

"வந்தா அன்னைக்கே பூட்டிருவேன். இவ்வளவு பேர் சாட்சி."

மூட்டை சுமந்த காலத்திலிருந்து நான் வாக்கு மாறியதில்லை. சந்தையில் என் சொல்லுக்குச் சரக்கு இறங்கும். அதனால் அந்தக் கூடத்தின் தலைவிதி அன்றைக்கே அந்த வாக்கில் கட்டுப்பட்டுவிட்டது.

பிறகு பல மாதம் சத்தத்தோடுதான் சண்டை. சுவருக்குத் தும்பு மெத்தை அடித்துப் பார்த்தேன், ஈரம் பிடித்தது. குண்டு போய்ப் படுகிற இரும்புத் தகடு கோயில் மணி மாதிரி ஒலித்தது. கடைசியில் கனத்த ரப்பர் விரிப்புகளைத் தொங்கவிட்டு, இரட்டைச் சுவர் எழுப்பி, கதவுக்கு மேல் கதவு போட்டேன். ஒருநாள் டீச்சரை ஒழுங்கையில் நிற்க வைத்துவிட்டு உள்ளே போய்ச் சுட்டேன். நீண்ட நேரம் கழித்துக் கதவைத் திறந்தால், குடையை ஊன்றிக்கொண்டு சலிப்போடு நிற்கிறார்.

"சுடுங்கோ எண்டு சொல்லி எவ்வளவு நேரம்? இன்னும் தொடங்கேல்லையோ?"

"சுட்டு முடிஞ்சு டீச்சர். குண்டுப் பெட்டியே காலி."

அவர் என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். "காகம் கத்தினது கேட்டது, றெயில் போனது கேட்டது. இது கேக்கேல்லை. சரி, திறவுங்கோ" என்றார். எனக்கு வந்த சந்தோசத்தில், திறப்பு விழாவுக்கு விளக்கேற்ற அவரையே கூப்பிட்டேன்.

அந்தக் காலையும் வந்தது. மனைவி வாசலில் பால் பொங்க வைத்தாள். நான் வழக்கம்போல ஒரு வேலை செய்தேன். முதல் கடை திறந்த நாளிலிருந்து எந்த இடத்தைத் திறந்தாலும் சீனவெடி கொளுத்தாமல் நான் உள்ளே கால் வைத்ததில்லை. வாசலில் சிவப்புத் தாள் எவ்வளவு குவிகிறதோ அவ்வளவு வியாபாரம் என்பது எங்கள் நம்பிக்கை. இருக்கிறதில் நீளமான சரமாகப் பார்த்து வாங்கி, மாடிக் கம்பியிலிருந்து நிலம் தொடும்வரை தொங்கவிட்டேன். சத்தம், சத்தம் என்று இத்தனை மாதம் மண்டையை உடைத்துக்கொண்ட எனக்கோ, என் மனைவிக்கோ, வந்து நின்ற சொந்தக்காரர்களுக்கோ அது உறைக்கவில்லை. வெடியை நாங்கள் சத்தம் என்று நினைத்ததே இல்லை. அது சுபகாரியம்.

பால் பொங்கியது. என் கையாலேயே கொளுத்தினேன்.

அதே நேரத்தில் டீச்சர் பட்டுச்சேலை உடுத்து, கற்கண்டுத் தட்டோடு ஒழுங்கையைக் கடந்து வந்துகொண்டிருந்தார். முதல் வெடிக்கே தட்டு பறந்தது. அடுத்த வெடிக்கு அவரைக் காணவில்லை. மதிலோரமாக நிலத்தில் குப்புறக் கிடந்தார், இரண்டு காதையும் பொத்தி, வாயை மட்டும் திறந்தபடி. ஷெல் விழும்போது அப்படித்தான் கிடக்க வேண்டும் என்று யாழ்ப்பாணத்தில் பழக்கியிருந்தார்களாம். நான் ஓடிப்போய்ச் சரத்தைச் சப்பாத்தால் மிதித்தேன், கையால் இழுத்தேன். பற்றிய சரம் நிற்குமா? அது தன் பாட்டில் வெடித்து முடிந்தது. அந்த நேரம் எனக்கு ஒரு யுகம். ஜன்னல்கள் படபடவென்று சாத்துப்பட்டன. யாரோ பொலிசுக்குப் போன் அடித்து, சுடுகிற இடத்தில் துவக்குச் சூடு நடக்கிறது என்று சொல்லியும்விட்டார்கள்.

ஜீப் வந்ததும் ஒழுங்கை நிரம்பிவிட்டது. "அங்கிள் சொன்னது சரிதான், துவக்குச் சத்தம் வராது. ஆட்லறிப் பீரங்கிச் சத்தம்தான் வரும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிலர் சிரித்தார்கள். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இளம் இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் சிங்களத்தில் கதைத்தார். இந்த ஒழுங்கைக்காரர்கள் வேண்டாம் என்றால் அனுமதியை நிறுத்தி வைக்கச் சொல்லி மேலிடத்துக்கு அறிவிக்க வேண்டிவரும் என்றார். வாக்கு வாக்குத்தானே. சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு கதவருகே போனேன்.

எல்லாக் கண்ணும் டீச்சரைத்தான் பார்த்தன. முழங்கை உரிந்து, சேலையெல்லாம் மண்ணாக, மதிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். நல்ல சிங்களத்தில் இன்ஸ்பெக்டரிடம் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"ஐயா, இவருடைய துவக்கு சத்தம் போடாது. சத்தம் போடுகிறவர் இவர்தான்."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். ஒழுங்கையே சிரித்தது. டீச்சர் என் பக்கம் திரும்பி, கையிலிருந்த சாவியைக் காட்டினார்.

"திறப்பைப் பொக்கெற்றுக்குள்ள வையுங்கோ ஐயா. சத்தம் அந்தக் கூடத்துக்குள்ள இருந்து வரேல்லை. நீங்கள் தந்த வாக்கு அப்பிடியே இருக்கு."

உள்ளே கூட்டிப்போய்க் கதிரையில் இருத்தினோம். என் மனைவி காயத்துக்கு மருந்து போட்டாள். மன்னிப்புக் கேட்க எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"விழுந்து கிடக்கேக்க புகை மூக்குக்குள்ள வந்தது. ஷெல்லடிச்ச புகை இப்பிடி இராது. இது எங்கட அண்ணன்ர கலியாணத்தில, பொம்பிளை மாப்பிள்ளை வாசல் படலையடியில வந்து இறங்கேக்க கொளுத்தின வெடியின்ர மணம். வாழைக்குலை கட்டின பந்தல், நான் கட்டியிருந்த பச்சைத் தாவணி, எல்லாம் அந்த நிலத்தில கிடந்துதான் எனக்கு ஞாபகம் வந்தது. அப்பிடி ஒரு நாள் இருந்ததையே மறந்து போனன்." சேலையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். பிறகு பழைய குரலில், "ஆனா இனி வெடி எண்டா முதல்ல வந்து சொல்லவேணும், என்ன?" என்றார்.

"சொல்றேன் டீச்சர்."

மருந்து போட்ட அந்தக் கையாலேயே அவர் விளக்கை ஏற்றினார்.

கூடம் நன்றாக ஓடுகிறது. போன வருடம் நுகேகொடையில் இரண்டாவதைத் திறந்தேன். திறப்பதற்கு முதல்நாள் அந்தத் தெருவில் வீடு வீடாக ஏறி, நாளைக் காலை வெடி கொளுத்தலாமா என்று கேட்டேன். எல்லாரும் தலையாட்டினார்கள். ஒரு வீட்டில் மட்டும் என் வயதுச் சிங்களவர் ஒருவர், "வேண்டாம் முதலாளி" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. தேநீர் ஊற்றித் தந்தார், குடித்துவிட்டு வந்தேன். மறுநாள் பாலை மட்டும் பொங்க வைத்துத் திறந்தோம்.

என் வாழ்க்கையில் கேட்டு வாங்கியது எதுவுமில்லை என்று பெருமை பேசியவன் நான். ஆனால் என் சந்தோசம் அடுத்த வீட்டுக்குள் என்னவாகப் போய் விழும் என்பதை அந்த வீட்டுக்காரரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்று, நிலத்திலிருந்து எழுந்து நின்று எனக்காகக் கதைத்த அந்த மனுஷியிடம்தான் படித்தேன்.