கிண்ணம் வென்றவனின் அறை

மார்ச் 14, சனிக்கிழமை. புலம்பெயர்ந்து வந்து வாழும் மங்கரே வீட்டில் புல் வெட்டி, உடுப்புக் காயப்போட்டேன். கல்லூரி பேஸ்பாலில் கிண்ணம் வென்ற மகள், கராஜ் சுவரில் பந்தை எறிந்து பிடித்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சத்தம் என்னை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனது. தோல்வியே காணாமல் கல்லூரி கிரிக்கெட் கிண்ணம் வென்ற அண்ணாவின் படம் பேப்பரில் வந்திருந்தது. போர் நடந்து, ஆமி இளைஞர்களைப் பிடித்துச் சென்ற காலம். "இனி எல்லாருக்கும் உன்ர முகம் தெரியும்" என்று அம்மா அவனை அறைக்குள் வைத்துப் பூட்டினார். அவன் உள்ளே பந்தைச் சுவரில் எறிந்துகொண்டிருப்பான்.

"அம்மா, அடுத்தமுறை தோக்கிறன், கதவைத் திறவுங்கோ."

"இந்தமுறையே தோத்திருக்கலாமேடா."

கொழும்புக்கு அனுப்பும்வரை அவன் முற்றத்தில் கால் வைக்கவில்லை.

"அப்பா, டீம் போட்டோ பேப்பர்ல வருது! ஓகேதானே?" என்றாள் மகள்.

"யோசிச்சுச் சொல்றன்."

மறுநாள் எழுந்ததும் முதல் வேலையாக, மகள் இல்லாத படத்தைப் பேப்பருக்கு அனுப்பும்படி கோச்சுக்கு எழுதினேன்.