மலையில் பிரித்த மாமன் சீர்

சித்தன்னவாசல், தேர்த் திருவிழா, சொந்தக்காரர் விசேஷம் என்று ஒரு வருடமாக நானும் என் மனைவி செல்வியும் பைக்கில் சுற்றுகிறோம். விருந்து நாளில் காலையிலிருந்தே வயிற்றைக் காலியாக வைத்திருப்பது என் கொள்கை.

அன்று கீரனூரில் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான். செல்வி சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டு இட்லியை எடுத்தாள்.

"கெடா விருந்து இருக்கு, இட்லியப் போட்டு வயித்த அடைக்காதே" என்று தட்டை நகர்த்தினேன்.

நேரம் இருந்ததால் வழியில் நார்த்தாமலைக் கோயிலுக்கு ஏறினோம். பாறையில் உட்கார்ந்தவள் என்னைப் பார்த்து, "நீங்க யாரு?" என்றாள்.

"கல்யாணமாகி இத்தன வருஷம் கழிச்சா கேக்குற?" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. வேர்த்துக் கொட்டி, கை நடுங்கியது. சர்க்கரை இறங்கிவிட்டது!

கையில் தண்ணீர் மட்டுமே இருந்தது. சீர்ப் பை கீழே பைக்கில். கோயிலுக்கு வந்த ஓர் அம்மாவிடம் அவளை விட்டுவிட்டு ஓடினேன். சறுக்கி விழுந்ததில் பட்டு வேட்டி பின்பக்கம் கிழிந்தது. சபையில் வைக்கும்வரை பிரிக்கக்கூடாத சீரிலிருந்து சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு மேலே ஓடிவந்து, பல்லால் கிழித்து, தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்தேன்.

"செல்வி, என்னையத் திட்டவாவது செய்யி!"

கொஞ்ச நேரத்தில், "வேட்டி ஏங்க இப்படிக் கிழிஞ்சிருக்கு?" என்றாள். அங்கேயே அழுதுவிட்டேன்.

இப்போதெல்லாம் அவள் வீட்டில் சாப்பிட்ட பிறகுதான் வண்டியை எடுக்கிறேன். சட்டைப் பையில் மிட்டாய் இருக்கிறது. பந்தியில் கறி வாளி என்னைத் தாண்டிப் போனாலும் தெரிவதில்லை. என் கண்ணெல்லாம் பக்கத்து இலையில்தான்.